இலவச உதவி இயக்குநர் பயிற்சி: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது

கேள்வி: சினிமாவிலோ டிவியிலோ உதவி இயக்குநராகச் சேர ஆசை. இணையத்தில் தேடினால் ‘முற்றிலும் இலவசம்’ என்று ஏழெட்டுப் பயிற்சிகள் வந்து நிற்கின்றன. எதில் சேர்ந்தால் உருப்படியாகக் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: முதலில் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். கேமரா கோணம், திரைக்கதை வடிவம், பெரிய இயக்குநர்களின் பாணி என்று நிறைந்திருந்தால் அது திரைப்பட ரசனை வகுப்பு. நல்ல வகுப்பாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் தேடுவது அதை அல்ல. உதவி இயக்குநர் துறையின் அன்றாட வேலை ஏற்பாடுதான். ஸ்கிரிப்டை பிரேக்டவுன் செய்வது, அதாவது ஒவ்வொரு காட்சிக்கும் என்னென்ன தேவை என்று பிரித்து எழுதுவது, ஷெட்யூல் போடுவது, மறுநாள் யார் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று சொல்லும் ‘கால் ஷீட்’ என்ற தாளைத் தயாரிப்பது, செட்டில் நேரம் வீணாகாமல் வேலையை நகர்த்துவது, யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது. இவை பாடத்தில் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

பாடத்தில் இருந்தாலும் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். வெளிப்புறம், இரவு. கொட்டும் மழையில் பத்து வயதுச் சிறுமி நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை நோக்கி ஓடி வருகிறாள். ஸ்கிரிப்டில் இரண்டு வரி. ஒரு பக்கத்தை எட்டுப் பாகமாகப் பிரித்து அளப்பது இந்தத் தொழிலின் வழக்கம், இது அதில் 1/8 பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற தோராயக் கணக்கில் திரையில் ஏழெட்டு விநாடி வரும். ஆனால் எடுப்பதற்குப் பாதி இரவு போய்விடலாம். செயற்கை மழைக்குக் கருவியும் தண்ணீர் லாரியும் வேண்டும். இரண்டாவது டேக் எடுக்க, அதே உடை இன்னொன்று காய்ந்த நிலையில் தயாராக இருக்க வேண்டும். குழந்தை நடிப்பதால் வேலை நேரத்துக்கு வரம்பு இருக்கும், கூடவே பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும். நாய்க்குட்டியைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் தேவை. தண்ணீரும் மின்சாரக் கேபிளும் ஒரே இடத்தில் இருப்பதால் லைட் குழுவோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசியாக வேண்டும். அப்புறம், விடிய விடிய வேலை பார்த்த யூனிட்டைக் காலை ஏழு மணிக்கு மறுபடி வரச் சொல்ல முடியாது, அதனால் அடுத்த நாள் ஷெட்யூலும் நகரும்.

இதையெல்லாம் உங்களையே யோசித்து எழுதவைக்கிற பயிற்சிதான் பயிற்சி. ‘பிரேக்டவுன் மிக முக்கியம்’ என்று திரையில் ஒருவர் பேசிவிட்டுப் போவதில் உங்கள் கைக்கு எதுவும் பழகாது. பயிற்சித்தாள், மாதிரி ஸ்கிரிப்ட், நீங்கள் போட்ட ஷெட்யூலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி விடை, இந்த மூன்றும் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள்.

லாப நோக்கில்லாத தொழில்துறை அமைப்புகள் தரும் பாடங்களையும் தேடிப் பாருங்கள். பிரிட்டனின் ஸ்கிரீன்ஸ்கில்ஸ் அமைப்பு, திரைத்துறையில் ஒவ்வொரு வேலையும் என்ன என்ற விளக்கத்தையும், பணியிடத் துன்புறுத்தலையும் மிரட்டலையும் எதிர்கொள்வது பற்றிய இணையப் பாடத்தையும் இலவசமாகத் தந்திருக்கிறது. இத்தகைய பாடங்களை ‘இது படமெடுக்கும் கலை இல்லையே’ என்று தாண்டிப் போகாதீர்கள். செட்டுக்குப் புதிதாக வருபவர்தான் அங்கே எல்லாருக்கும் எளிதாக அகப்படுபவர். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குழந்தைகளின் வேலை நேரம், ஓய்வு நேரம், பாதுகாப்பு விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பாடத்தில் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தின் விதியைத் தனியாகப் படியுங்கள்.

கேள்வி: இலவசம் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் சேரும்போதே கார்டு எண்ணைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கார்டு கேட்டால் அது பெரும்பாலும் இலவசப் பயிற்சி இல்லை, சில நாள் இலவசச் சந்தா. அந்த நாட்கள் முடிந்ததும் நீங்கள் கேட்காமலே பணம் எடுக்க ஆரம்பிக்கும். பாடம் அவ்வளவு நன்றாக இருந்து, சேர்ந்தே தீர வேண்டும் என்றால், சேர்ந்த கையோடு தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். பல தளங்களில் நிறுத்திய பிறகும் இலவச நாட்கள் முடியும்வரை பார்க்க விடுவார்கள். நிறுத்தியதற்கான மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகும் பணம் போனால், முதலில் தளத்துக்கு எழுத்தில் புகார், பதில் இல்லையென்றால் அந்த மின்னஞ்சலோடு வங்கியில் புகார். செயலியை மொபைலிலிருந்து அழித்துவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது.

கேள்வி: பாடம் இலவசம், சான்றிதழுக்கு மட்டும் கட்டணம் என்கிறார்கள். சான்றிதழ் இருந்தால் வேலை சுலபமாகக் கிடைக்குமா?

பதில்: வாங்காதீர்கள் என்றே சொல்வேன். உதவி இயக்குநரைச் சேர்ப்பவர் பார்ப்பது, இந்த ஆள் நேரத்துக்கு வருவாரா, சொன்னதைக் கவனமாகச் செய்வாரா, நெருக்கடியில் பதறாமல் இருப்பாரா என்பதைத்தான். மூன்று மணி நேர வீடியோவுக்குக் கிடைத்த தாள் இதில் எதையும் சொல்லாது. அதைவிட, ஒரு குறும்படத்துக்கு நீங்களே போட்ட பிரேக்டவுன், ஷெட்யூல், ஒரு நாளைக்கான கால் ஷீட் ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால் பேச்சு சட்டென்று வேலைக்குத் திரும்பும். அந்தக் கால் ஷீட்டில் பக்கத்து மருத்துவமனையின் முகவரியும் சூரியன் மறையும் நேரமும் இருந்தால், விவரம் தெரிந்தவர் கவனிக்காமல் விட மாட்டார்.

பணம் செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால், நீங்கள் போட்ட ஷெட்யூலை அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து திருத்தித் தரும் வகுப்புக்குச் செலவழியுங்கள். இலவசப் பாடத்தில் கிடைக்காதது அந்தத் திருத்தம்தான். கட்டும் முன், திருத்தப்போவது யார், அவர் உண்மையில் இந்தத் துறையில் வேலை செய்தவரா, எத்தனை முறை திருத்தித் தருவார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஷெட்யூல் போடும் மென்பொருள் வாங்கினால்தான் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: தேவையில்லை. தொழிலில் மூவி மேஜிக் ஷெட்யூலிங் பரவலாகப் புழங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் கற்கும் காலத்துக்கு எக்செல் போன்ற விரிதாள் போதும். காட்சிக்கு ஒரு வரிசை, பகல் உட்புறம் வெள்ளை, பகல் வெளிப்புறம் மஞ்சள், இரவு உட்புறம் நீலம், இரவு வெளிப்புறம் பச்சை என்று நிறம் கொடுத்து வரிசைகளை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். ஒரு லொகேஷன் ஒரு நாள் தள்ளிப்போனால் எத்தனை பேரின் தேதி குலைகிறது என்று அப்போதே கண்ணில் படும்.

கேள்வி: இலவசப் பயிற்சியை முடித்த இரண்டாம் நாளே ஒரு போன். ‘உங்களைப் புதிய வெப் சீரிஸுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பதிவுக் கட்டணம் கட்டினால் உடனே சேரலாம், பிறகு திருப்பித் தருவோம்’ என்கிறார்கள். கூடவே என் கதை ஒன்றையும் அனுப்பச் சொன்னார்கள். நம்பலாமா?

பதில்: கட்டாதீர்கள், அனுப்பவும் வேண்டாம். வேலைக்கு எடுப்பவர் உங்களிடம் பணம் கேட்க எந்தக் காரணமும் இல்லை. அமெரிக்காவில் 1965-இல் இயக்குநர்கள் சங்கமும் தயாரிப்பாளர்கள் தரப்பும் சேர்ந்து தொடங்கிய உதவி இயக்குநர் பயிற்சித் திட்டத்தில், பயிற்சி பெறுபவருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் செட்டுக்கு அனுப்பினார்கள். கற்றுக்கொள்ள வந்தவரும் அங்கே உழைக்கத்தான் செய்கிறார், அந்த உழைப்புக்கு விலை உண்டு.

தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். அவர்கள் கொடுத்த எண்ணில் திரும்ப அழைக்காமல், நிறுவனத்தின் அலுவலக எண்ணை நீங்களே தேடி அழைத்து, இந்தத் தொடருக்கு ஆள் எடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். ‘இன்று மாலைக்குள் கட்ட வேண்டும்’ என்று அவசரப்படுத்தினால் விசாரணைகூடத் தேவையில்லை. அடையாள அட்டை நகலை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், எப்போது, யாருக்கு என்று குறித்துவைத்து, இணையக் குற்றப் பிரிவில் உடனே புகார் செய்யுங்கள்.

கதை விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சித் தளங்களில் பதிவேற்றும்போதும் இதே எச்சரிக்கை தேவை. பதிவேற்றுவதைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்று விதிமுறைகளில் ஒரு பத்தி இருக்கும், அதைப் படியுங்கள். பயிற்சிக்கென்று ஒரு சாதாரணக் காட்சியை எழுதி வைத்துக்கொண்டு அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். படமாக்க நினைத்திருக்கும் கதையை வெளியே விடும் முன், உங்கள் ஊரில் எழுத்தாளர் சங்கத்திலோ பதிப்புரிமை அலுவலகத்திலோ பதிவு செய்துவிடுங்கள்.