ஈஸ்ட் செல்லுக்கு டானின்-இரும்பு மேலுறை: கட்டி தட்டுவது ஏன்?

கேள்வி: ஈஸ்ட் செல்களை வளர்ப்பு ஊடகத்திலிருந்து எடுத்து, பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) கொண்டு ஒருமுறை கழுவி, மேலுறை போட டானிக் அமிலமும் (டானின் வகை) ஃபெரிக் குளோரைடும் (இரும்பு உப்பு) சேர்த்தேன். கறுப்புக் கட்டிகளாகத் திரண்டுவிட்டன. மெத்திலீன் புளூ சோதனையில் முக்கால்வாசி செல்கள் செத்ததாகத் தெரிகிறது. எங்கே பிசகு?

பதில்: முதல் பிசகு கழுவியதில். கடுக்காய்ச் சாற்றில் இரும்பைப் போட்டு மை காய்ச்சும் அதே வேதியியல்தான் இந்த மேலுறையும்: டானினும் இரும்பும் பிணைவது. பிபிஎஸ்ஸில் உள்ள பாஸ்பேட் இரும்பைப் பிடித்துப் படியவைத்துவிடும். ஊடகத்தில் மிஞ்சிய பெப்டோனை (புரதத் துணுக்குகளை) டானின் திரித்துவிடும். இரண்டும் சேர்ந்தால் கட்டி தட்டாமல் என்ன செய்யும்?

காய்ச்சி வடித்த நீரில் 3 முறை கழுவுங்கள். செல்களை 490 மைக்ரோலிட்டர் நீரில் கலக்கி, மில்லிலிட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் கரைத்த டானிக் அமிலத்தில் 5 மைக்ரோலிட்டர் விட்டு, வோர்டெக்ஸில் (குழாயைச் சுழற்றிக் கலக்கும் கருவி) 10 விநாடி சுழற்றுங்கள். அடுத்து, மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் கரைசலில் 5 மைக்ரோலிட்டர். உடனே மறுபடி சுழற்றல். கடைசியாக, பிஎச் 7.4 உள்ள 20 மில்லிமோலார் மாப்ஸ் பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும், பாஸ்பேட் இல்லாத கரைசல்) 500 மைக்ரோலிட்டர். அமிலத்தன்மை குறையக் குறைய ஒவ்வோர் இரும்பு அயனியும் கூடுதல் டானின் கைகளைப் பற்றும். உறை இறுகுவது அப்போதுதான். ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நானோமீட்டர் தடிமன் வரும். இன்னும் தடிமன் வேண்டுமென்றால் இரும்பைக் கூட்டாதீர்கள். கழுவிவிட்டு அடுத்த சுற்றுப் போடுங்கள். டானிக் அமிலம், ஃபெரிக் குளோரைடு கரைசல்கள் இரண்டையும் அன்றன்றே கரைத்துக்கொள்ள வேண்டும். பழைய ஃபெரிக் குளோரைடில் பழுப்பு மண்டி தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.

மெத்திலீன் புளூ சொன்னதை நம்ப வேண்டாம். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை நிறமிழக்கச் செய்யும், செத்த செல் நீலமாகவே நிற்கும் என்பதுதான் சோதனையின் அடிப்படை. ஆனால் டானின் இந்த வகைச் சாயங்களை இறுகப் பிடிப்பது. துணிச்சாயக்காரர்கள் அதை நிறம் நிற்க வைக்கவே பயன்படுத்தினார்கள். உங்கள் உறையே நீலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஃபுளோரசின் டையசிட்டேட் என்ற வேறொரு சாயம் போட்டுப் பாருங்கள்: செல்லுக்குள் நொதி வேலை செய்தால்தான் பச்சை ஒளிரும். இரும்பு ஒளியைக் கொஞ்சம் மங்கச் செய்யும். உறையில்லாத செல்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஊடகத் தட்டில் காலனி (செல் பெருகி உண்டாகும் புள்ளி) எண்ணினாலும் அவசரம் வேண்டாம். உறைக்குள் இருக்கும் செல் அரும்பு விடத் தாமதிக்கும். மறுநாள் காலனி குறைவாக இருப்பதை வைத்துச் சாவு என்று எழுதிவிடாதீர்கள். எண்ணும் முன் உறையை நீக்கிவிடலாம்: உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் இடிடிஏ கரைசல் இரும்பைப் பிடுங்கி உறையைக் கரைத்துவிடும். கறுப்பு போனபின் கழுவித் தட்டில் போடுங்கள். உறையில்லாத செல்லுக்கும் அதே இடிடிஏ, அதே நேரம் கொடுத்தால்தான் இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட முடியும்.