‘அல்லோரா’வும் நம்ம ‘அப்போ’வும்

கேள்வி: இத்தாலியப் பேட்டிகளில் வாய் திறந்தாலே ‘அல்லோரா’ என்கிறார்கள். அகராதியில் ‘அப்பொழுது’ என்று போட்டிருக்கிறது. அதை வைத்துப் படித்தால் பொருளே ஓடவில்லையே, ஏன்? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: அகராதி சொல்வது சரிதான், ஆனால் பாதி. லத்தீனில் ‘அத் இல்லாம் ஹோராம்’ (அந்த நேரத்தில்) என்ற தொடர் தேய்ந்து ‘அல்லோரா’ ஆனது. காலம் காட்டிய சொல் பிறகு ‘அப்படியானால்’ ஆகி, இன்று பேச்சை எடுக்கவும் திருப்பவும் பயன்படுகிறது. ‘அப்பொழுது’ சுருங்கிய நம்ம ‘அப்போ’ வந்த வழியும் இதேதான். தி.நகர் கடைவாசலில் ‘அப்போ நான் கிளம்பட்டா?’ என்பவர் எந்தப் பொழுதையும் சொல்லவில்லையே!

சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘அல்லோரா அபிதாவோ அ ரோமா’: அப்போது ரோமில் குடியிருந்தேன். இதில் எடுத்தால் காலமே போய்விடும். ‘அல்லோரா, அந்தியாமோ?’: அப்போ, போலாமா? இதில் எடுத்தாலும் சேதி கெடாது. காற்புள்ளி இருக்கும் இடத்தில் குரல் சற்றே நிற்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: போனில் பேசும்போதுகூட ‘குவார்தா’ (பாரு) என்கிறார்களே, எதைப் பார்ப்பது? (வாசகர், பெரம்பூர்)

பதில்: நாமும் போனில் ‘இங்க பாரு, நான் சொல்றதைக் கேளு’ என்கிறோமே, அதே பாருதான். கண்ணை அல்ல, கவனத்தைக் கேட்கிறது. ஆனால் மரியாதை அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது. புதியவரிடமும் பெரியவரிடமும் ‘குவார்தி’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘கேளு’வுக்கு இது தலைகீழ்: ‘சென்தி’ ஒருமை, ‘சென்தா’ மரியாதை. வினை வகுப்பு வேறு என்பதால் கடைசி உயிர் இடம் மாறுகிறது. கற்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ‘கொடு’ என்ற ‘தாய்’ (முதல் ஒலி ‘பந்து’வில் வரும் ‘து’ போல) நிலைமை வேறு. அதை வைத்து ‘அட, வாங்கப்பா’ என்ற பொருளில் ஒரு கும்பலையே கூப்பிட்டாலும் அது ஒருமையில் உறைந்தே நிற்கும். ‘நேத்து வந்து... அவங்க வந்து...’ என்னும்போது நம்ம ‘வந்து’வில் யாரும் வராதது போல, இதில் எதையும் கொடுப்பதில்லை.

கேள்வி: ‘மகாரி’ என்றால் ‘ஒருவேளை’தானே? (வாசகி, அடையாறு)

பதில்: ‘மகாரி தொமானி’ என்றால் ஆமாம், ஒருவேளை நாளைக்கு. ஆனால் ‘இத்தாலிக்கே குடிபோகிறாயா?’ என்று கேட்டதற்கு ஒருவர் ‘மகாரி!’ என்று மட்டும் சொன்னால், ‘அந்தக் கொடுப்பினை இருந்தா!’ என்று ஏங்குகிறார். ‘பேறு பெற்றவனே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. ஏக்கம்தான் மூத்த பொருள்.