வியட்நாமில் எந்த வண்டி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வியட்நாம் போகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் விமானக் கட்டணம் பற்றியவற்றை ஒதுக்கிவிட்டேன். அது காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. நான் எழுதி அச்சாவதற்குள் மாறிவிடும். அங்கே இறங்கிய பிறகு ஊர்விட்டு ஊர் எப்படிப் போவது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். தோல் பதனிடும் ரசாயனங்கள் விற்பதற்காக அந்த நாட்டின் வடக்குக்கும் தெற்குக்கும் அலைகிறவன் நான். எந்தக் கடற்கரை அழகு என்று என்னைக் கேட்காதீர்கள். எந்த வண்டியில் ஏறினால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று கேளுங்கள்.

ஹனோயில் இறங்கி, பத்து நாள் கழித்து சைகோனில் விமானம் ஏறுகிறோம். முழுத் தூரத்தையும் ரயிலிலேயே போகவேண்டும் என்கிறார் என் கணவர். சரிப்படுமா?
– ஒரு வாசகி, கோவை

உங்கள் கணவரின் கட்சிதான் நானும். ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர். விமானம் இரண்டு மணி நேரத்தில் தாண்டும் இந்தத் தூரத்துக்கு ரயில் ஒன்றரை நாள் எடுத்துக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர்கள் 1936இல் கட்டி முடித்த மீட்டர் கேஜ் பாதை அது. பெரும்பகுதி ஒற்றைப் பாதை என்பதால், எதிர் வண்டிக்கு வழிவிட்டுக் காத்து நிற்பதும் பயணத்தில் அடக்கம். போரில் துண்டுதுண்டாகிக் கிடந்ததைச் செப்பனிட்டு, 1976 டிசம்பர் 31 அன்று மறுபடி வடக்கையும் தெற்கையும் இணைத்து வண்டி விட்டார்கள். இன்றும் அந்தப் பாதையின் வண்டிகளை ‘ஒருமைப்பாட்டு ரயில்’ என்றே சொல்கிறார்கள்.

உங்களுக்கு என் யோசனை இது. ஹனோயில் மாலையில் ஏறி, தூங்கி எழுந்து, காலையில் ஹுவே நகரில் இறங்குங்கள். பழைய அரச கோட்டையைப் பார்த்துவிட்டு, ஹுவேயிலிருந்து டா நாங் வரை கட்டாயம் பகல் வண்டியில் போங்கள். நூறு கிலோமீட்டர் சுமாருக்கு மூன்று மணி நேரம் ஆகிறதே என்று வருந்த வேண்டாம். அந்த மெதுவோட்டத்துக்காகத்தான் ஏறச் சொல்கிறேன். லாங் கோ காயலைத் தாண்டியதும் ஹை வான் மலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வண்டி ஊர்கிறது. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் நேர் கீழே கடல். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடது பக்கம் வரும்; டிக்கெட் எடுக்கும்போதே இடது ஜன்னலைக் கேளுங்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது எதுவும் கிடையாது. 2005இல் மலையைக் குடைந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கச் சாலை போட்டுவிட்டார்கள். பஸ் அதற்குள் புகுந்து வெளியே வந்துவிடும். இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே மட்டும் ஓடும் சுற்றுலா ரயில் ஒன்றும் 2024 முதல் இருக்கிறது. லாங் கோவில் சற்று நேரம் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள விடுகிறார்கள்.

டா நாங் போனபின் ஹோய் ஆன் பார்க்க ரயில் தேடாதீர்கள், அங்கே ஸ்டேஷனே கிடையாது. முப்பது கிலோமீட்டர்தான், கார் பிடித்துப் போய்விடலாம். அதற்குப் பிறகும் கணவருக்கு ரயில் ஆசை தீரவில்லையென்றால் டா நாங்கிலிருந்து நா ட்ராங்குக்கு ஓர் இரவு வண்டி. தீர்ந்துவிட்டதென்றால் டா நாங்கிலிருந்தே சைகோனுக்கு விமானம்.

ஒரு குறிப்பு: ஒற்றைப்படை எண் கொண்ட வண்டிகள் (எஸ்இ1, எஸ்இ3) தெற்கே போகிறவை, இரட்டைப்படை எண்கள் வடக்கே. டிக்கெட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் கொடுங்கள்.

எழுபது வயது அம்மாவை அழைத்துப் போகிறேன். முழங்கால் வலி, சுத்த சைவம். ரயில் தாங்குவாரா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

தாங்குவார், நீங்கள் நாலு படுக்கை அறையில் கீழ்ப் படுக்கை எடுத்தால். ஆறு படுக்கை அறையும் உண்டு, விலை குறைவு. சுவரோடு சுவராக மூன்று அடுக்கு. மேல் அடுக்கில் நிமிர்ந்து உட்கார முடியாது; அதனால்தான் அது மலிவு. கீழ்ப் படுக்கைக்கும் ஒரு தொல்லை உண்டு: பகலில் மேலே இருப்பவர்கள் இறங்கி அதில்தான் உட்காருவார்கள். யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள். அதை அங்கே மரியாதைக் குறைவாகவும் நினைப்பதில்லை. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படுக்கையைவிடப் படிதான் அவருக்குச் சிரமம். பல ஸ்டேஷன்களில் பிளாட்பாரம் தாழ்வாக இருக்கும். பெட்டியின் படிகள் செங்குத்தாக ஏறும். நீங்கள் முதலில் ஏறி மேலிருந்து கை கொடுங்கள். பெட்டிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாடு தள்ளுவண்டியில் வரும். அதில் வரும் கஞ்சியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், இறைச்சி கலந்திருக்கும். காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவது அவர்கள் வழக்கம். பெட்டியின் கோடியில் கொதிநீர்க் குழாய் இருக்கும். அவல், ரவைக் கஞ்சி மாவு என்று எதையாவது கையோடு கொண்டு போனால் கவலையில்லை. ஊர்களுக்குள் ‘சாய்’ (எழுத்தில் chay, உச்சரிப்பு நாம் தேநீருக்குச் சொல்வது போலவே) என்று கேட்டால் பௌத்த சைவ உணவகத்தைக் காட்டுவார்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அங்கேயும் பலர் சைவம். அன்றைக்குச் சாதாரணக் கடைகளில்கூடச் சைவம் கிடைக்கும்.

படுக்கை பஸ் வசதியானதா? நான் ஆறடி உயரம்.
– ஒரு கல்லூரி மாணவர், வேலூர்

ஐந்தடி நாலு அங்குலம் இருந்தால் வசதியானது. மூன்று வரிசை, இரண்டு அடுக்கு. காலை முன் படுக்கைக்காரரின் தலைக்கடியில் இருக்கும் பெட்டிக்குள் நுழைக்க வேண்டும். உங்கள் கால் அதற்குள் போகாது. திரை போட்ட தனி அறைகள் உள்ள பஸ்கள் இப்போது ஓடுகின்றன, விலை கூட, அவற்றில் நீட்டிப் படுக்கலாம். எந்த பஸ்ஸாக இருந்தாலும் ஏறும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுப்பார்கள். கழிப்பறை பெரும்பாலும் வண்டிக்குள் இருக்காது, வழியில் நிறுத்துவார்கள். ஹனோயிலிருந்து சாபா போவதற்கு மட்டும் ரயிலை விட்டு பஸ்ஸைச் சொல்வேன். ரயில் லாவ் காய் வரைதான் போகும், அதுவும் ராத்திரி முழுக்க; பிறகு மலையேற வேன் மாற வேண்டும். 2014இல் விரைவுச் சாலை வந்தபின் பஸ் நேராகச் சாபாவிலேயே இறக்கிவிடுகிறது.

பைக் வாடகைக்கு எடுத்து ஹை வான் கணவாய் ஓட்ட வேண்டும் என்பது என் கனவு. சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துவிட்டேன். வேறு என்ன வேண்டும்?
– ஒரு வாசகர், சென்னை

அந்த உரிமத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். நம் நாட்டில் தருவது 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின்படி அச்சிடப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் உரிமத்தை. கடைக்காரர் இதையெல்லாம் கேட்க மாட்டார். பாஸ்போர்ட்டைக் காட்டினால் சாவியைக் கொடுத்துவிடுவார். போலீஸ்காரர் நிறுத்தினாலும் அபராதத்தோடு போகலாம். விழுந்து காலை முறித்துக்கொண்டால்தான் வினை. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டினார் என்ற ஒரு வரியில் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு உரிமம் வேண்டாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு மலையேறுவது வண்டிக்குச் செய்யும் பாவம்.

கனவை விட வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் தாராளமாகக் கிடைக்கிறது. பெட்டியைத் தனியாக வேனில் அனுப்பிவிடுவார்கள். சுரங்கச் சாலையில் பைக்கை விடுவதில்லை என்பதால் அந்த வண்டிகளெல்லாம் பழைய கணவாய் வழியாகத்தான் போகின்றன. ஓட்டுகிறவருக்குப் பாதை மட்டும்தான் தெரியும். பின்னால் இருப்பவருக்குத்தான் கடல். தலைக்கவசம் 2007 முதல் இருவருக்கும் கட்டாயம். பீர் குடித்துவிட்டு ஹாண்டிலைத் தொடும் எண்ணம் இருந்தால், 2020 முதல் அங்கே ஒரு சொட்டுக்கும் மன்னிப்பில்லை.

சைகோன் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் எப்படிப் போவது? அங்கே மாரியம்மன் கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.
– ஒரு வாசகி, காரைக்குடி

இருக்கிறது, ட்ருவாங் தின் தெருவில். உங்கள் ஊர் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலும் அதற்கு நடக்கும் தூரத்தில் இருக்கிறது. மாரியம்மனிடம் வியட்நாமியர்களே அதிகம் வருகிறார்கள், கொத்துக் கொத்தாக ஊதுவத்தியோடு.

விமான நிலைய வாசலில் ‘டாக்சி, டாக்சி’ என்று உங்கள் கைப்பையை இழுப்பவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். 109ஆம் எண் மஞ்சள் பஸ் நடு நகருக்குப் போகிறது. பெட்டி அதிகமென்றால் கிராப் அல்லது சான் எஸ்எம் செயலியில் கார் பதிவு செய்யுங்கள்; விலை திரையிலேயே வந்துவிடும், பேரமே இல்லை. தனியாகப் போகிறவர்கள் அதே செயலியில் பைக்கையே வரவழைக்கலாம். நெரிசல் நேரத்தில் கார் அசையாது, பைக் நுழைந்துவிடும். மெட்ரோ 2024 டிசம்பரில்தான் வந்தது: பென் தான் சந்தையிலிருந்து சுவோய் தியென் வரை ஒரே தடம், பதினாலு நிலையங்கள். விமான நிலையத்துக்கு அது போகாது. பென் தானில் இறங்கினால் கோயில் பக்கம்.

பணம் எண்ணும்போது மட்டும் வெளிச்சத்தில் நின்று எண்ணுங்கள். 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். அந்தி நேரத்தில் இருபதாயிரம் என்று ஐந்து லட்சத்தை நீட்டினால், திருப்பித் தரும் மகானாக ஓட்டுநர் அமைய வேண்டும்.

சாலையைக் கடப்பது எப்படி?
– இதே கேள்வி பல கடிதங்களில்

ஒரே வேகத்தில் நடங்கள். ஓடாதீர்கள், நிற்காதீர்கள், பின்வாங்காதீர்கள். பைக்குகள் உங்கள் நடையைக் கணித்து விலகிப் போகும். கார்களும் பஸ்களும் விலகாது. அவை வந்தால் நில்லுங்கள்.

டா லாட் மலைக்கு ரயில் உண்டா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி

இருந்தது ஐயா. உங்கள் ஊட்டி வண்டியைப் போலப் பல்சக்கரப் பாதை; போருக்குப் பின் பிடுங்கிவிட்டார்கள். மிஞ்சிய நீராவி எஞ்சின்களைச் சுவிட்சர்லாந்துக்காரர்கள் 1990இல் தேடி வந்து வாங்கி எடுத்துப் போய், தங்கள் மலையில் ஓட்டுகிறார்கள். இப்போது டா லாட் ஸ்டேஷனிலிருந்து ட்ராய் மாட் வரை ஏழு கிலோமீட்டருக்குச் சுற்றுலா வண்டி ஒன்று போய் வருகிறது. ஸ்டேஷன் கட்டடம் 1930களில் கட்டியது, மூன்று கூம்புக் கூரையோடு. உங்களைப் போன்றவருக்கு அது போதும், போய்ப் பாருங்கள். மலையேற நா ட்ராங்கிலிருந்து பஸ், நாலு மணி நேரம்.

மீகாங் கழிமுகத்துக்குப் படகில் போகலாமா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

வியட்நாமின் முதல் ரயிலே 1885இல் சைகோனிலிருந்து அந்தப் பக்கம், மை தோவுக்குத்தான் ஓடியது. 1958இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது கான் தோ வரை பஸ். ஆறுகளின் மேலெல்லாம் பாலம் வந்துவிட்டது. படகு, போய்ச் சேர்ந்த பிறகுதான். கை ராங் மிதக்கும் சந்தையைப் பார்க்க விடியுமுன் கிளம்ப வேண்டும். சாலைகள் வந்தபின் அந்தச் சந்தை ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டு வருகிறது. படத்தில் பார்த்த கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள்.

பிப்ரவரியில் போகிறோம். டிக்கெட் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

டெட் எனும் அவர்கள் புத்தாண்டு எந்தத் தேதியில் என்று பார்த்தீர்களா? ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்கு முந்தைய வாரம் சைகோனில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் சொந்த ஊருக்கு வடக்கே கிளம்புவார்கள். அப்போது ரயில், பஸ், விமானம் எதிலும் இடம் இருக்காது. அதே நாட்களில் வடக்கிலிருந்து தெற்கே வரும் வண்டிகள் காலியாக ஓடும். பண்டிகை முடிந்ததும் கூட்டம் அப்படியே திசை மாறும். ஆகவே பண்டிகைக்கு முன் ஹனோயில் தொடங்கித் தெற்கே வாருங்கள். பண்டிகை நாட்களில் எங்கேயும் நகராமல் ஒரே ஊரில் இருங்கள்; கடைகள் மூடியிருக்கும், பிஸ்கட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.