சிங்கப்பூரில் வீட்டிலேயே நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் சேவை: தினசரி வேலை எப்படி இருக்கும், எங்கே சறுக்கும்?

கேள்வி கேட்டவர் நாய் வளர்த்த பழக்கம் உள்ளவர். வெளியூர் போகிறவர்களின் நாய்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறார். எதில் கவனம் வேண்டும் என்று கேட்கிறார்.

வளர்த்த பழக்கம் கட்டாயம் உதவும். ஆனாலும் இது வேறு வேலை. உங்கள் நாய் ஏன் குரைக்கிறது, எப்போது வயிறு கெடும், எதற்குப் பயப்படும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. வருகிற நாயைப் பற்றி அதன் வீட்டார் சொன்னது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கும். அதில் பாதியைச் சொல்ல மறந்திருப்பார்கள். இந்த வேலையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை நாய் வாசற்படி தாண்டுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. அதனால் அந்த முன்வேலையைப் பற்றித்தான் கூடுதலாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்க்குத்தான் இடம், அதுவும் அனுமதிக்கப்பட்ட இனமாக இருக்க வேண்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். உங்களிடமே ஒரு நாய் இருந்தால் அந்த இடம் நிரம்பிவிட்டது என்று பொருள். தரை வீடு, கூட்டுரிமை வீடு போன்ற தனியார் வீடுகளில் 3 நாய்கள் வரை வைத்திருக்கலாம். நாய்களைத் தங்கவைக்கும் நிலையங்களுக்கான உரிம நிபந்தனைகள் 2022 ஏப்ரல் முதல் கடுமையாகியுள்ளன. ஆகவே முதல் நாயை ஏற்பதற்கு முன், உங்கள் வீட்டு வகை, நாய்களின் எண்ணிக்கை, கட்டணம் வாங்கப்போவது ஆகிய மூன்றையும் சொல்லி, தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள ஏவிஎஸ் (விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை) பிரிவிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். வீவக வீடாக இருந்தால் வீவகவிடமும், கூட்டுரிமை வீடாக இருந்தால் கட்டட நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். "பக்கத்து புளோக்கில் செய்கிறார்களே" என்பது புகார் வரும் நாளில் கைகொடுக்காது. 3 மாதத்துக்கு மேற்பட்ட எந்த நாய்க்கும் உரிமம் இருக்க வேண்டும். உரிமமும் மைக்ரோசிப்பும் இல்லாத நாயை ஏற்காதீர்கள்.

அடுத்தது விசாரணை. "உங்கள் நாய் கடிக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், அதை நம்பியும் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். வாயில் இருக்கும் எலும்பை எடுக்கப் போனால் என்ன செய்யும்? நகம் வெட்டும்போது எப்படி நடந்துகொள்ளும்? அழைப்புமணி அடித்தால்? மின்தூக்கியில் இன்னொரு நாய் ஏறினால்? தூங்கும்போது தொட்டால்? இரவில் யார் பக்கத்தில் படுக்கும்? இந்தப் பதில்களில் நாயின் குணம் தெரிந்துவிடும். "எடுக்கப் போனதே இல்லை, நாங்கள் கிட்டே போகமாட்டோம்" என்று ஒருவர் சொன்னால், அந்த நாய் சாப்பாட்டைக் காவல் காக்கும் நாய் என்று குறித்துக்கொள்ளலாம்.

தடுப்பூசி அட்டையைப் படமாக அனுப்பச் சொல்லி, தேதியை நீங்களே படியுங்கள். டிஸ்டெம்பர், பார்வோ, ஹெப்படைட்டிஸ், லெப்டோ, இவற்றோடு கென்னல் காஃப் (நாய்களிடையே தொற்றும் இருமல்) ஆகிய நோய்களுக்கான ஊசிகள் போட்டிருக்க வேண்டும். கென்னல் காஃப் ஊசியை நேற்றுப் போட்டுவிட்டு இன்று கொண்டுவந்தால் பயன் இல்லை; பாதுகாப்பு உருவாக நாள் பிடிக்கும். முதல் வரிசைத் தடுப்பூசிகளை முடிக்காத குட்டியை, எவ்வளவு கெஞ்சினாலும், மற்ற நாய்கள் வந்துபோகும் வீட்டுக்குள் விடக்கூடாது. பார்வோ கிருமி தரையில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெண் நாயையும் ஏற்காமலிருப்பது நல்லது.

நீண்ட பயணத்துக்கு முன் ஒரு பகலும் ஓர் இரவும் ஒத்திகை வையுங்கள், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக. அந்த ஒத்திகையில் நாயைத் தனியே விட்டு, கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, 20 நிமிடம் வெளியே போய் வாருங்கள். முதல் 5 நிமிடம் அழுதுவிட்டுப் படுத்தால் சமாளிக்கலாம். நிற்காமல் ஊளையிட்டு, கதவைச் சுரண்டி, எச்சில் ஒழுக மூச்சிரைத்தால், அந்த நாய்க்கு எந்நேரமும் ஆள் வேண்டும். உங்களால் முடியுமா என்று அப்போதே முடிவு செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகு செய்யத் தேவையில்லை.

நாய் வரும் நாளில் கேட்டு வாங்க வேண்டியவை: வழக்கமாகத் தின்னும் உணவு, வேளைக்கு ஒரு பை வீதம் பிரித்து, தங்கும் நாள்களைவிட இரண்டு நாள் கூடுதலாக, மருந்து இருந்தால் சீட்டோடு, வீட்டார் உடுத்தித் துவைக்காத ஒரு சட்டை, பழகிய டாய்லெட் பேடில் இரண்டு. இங்கே அடுக்குமாடி நாய்கள் சில பேடில் மட்டும்தான் போகும், சில புல்லில் மட்டும்தான் போகும். தெரியாமல் மாற்றி வைத்தால் ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நிற்கும். உணவைத் திடீரென்று மாற்றினால் பெரும்பாலும் வயிற்றுப்போக்குதான். மாற்ற வேண்டுமானால் ஒரு வாரம் கலந்து கலந்து மாற்ற வேண்டும், அந்த ஒரு வாரம் உங்களிடம் கிடையாது.

கையெழுத்து வாங்க வேண்டிய தாள் ஒன்று: அவசரத்தில் எந்த மருத்துவமனை, எவ்வளவு வெள்ளி வரை கேட்காமல் செலவு செய்யலாம், விமானத்தில் இருக்கும்போது முடிவெடுக்க சிங்கப்பூரிலேயே இருக்கும் ஒருவரின் எண். நள்ளிரவில் மருத்துவர் "அறுவை செய்யட்டுமா?" என்று கேட்கும்போது இந்தத் தாள்தான் பேசும். முன்பணத்தையும் அன்றே பேநவ்வில் (கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் சேவை) வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டார் கிளம்புவதற்கு முன் நாயை அவர்கள் கண்முன்னே சோதியுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் நின்று, உங்கள் எடையைக் கழித்துக் குறியுங்கள். பிறகு உண்ணி. விரல் நுனியால் முடியை எதிர்த்திசையில் ஒதுக்கி, காது மடலின் உட்புறம், கழுத்துப்பட்டைக்குக் கீழ், கால்விரல் இடுக்கு, அக்குள், வாலடி என்று வரிசையாகத் தடவுங்கள். கடுகளவு மேடு தட்டுப்பட்டால் முடியைப் பிரித்துப் பாருங்கள். கால் தெரிந்தால் உண்ணி. "மாத்திரை கொடுத்துவிட்டோம்" என்பது போதாது. வாய்வழி மாத்திரை, உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும். கடிக்காத உண்ணி உங்கள் சோபாவில் இறங்கலாம். ரத்தம் குடித்து உப்பிய ஒரே பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதுவும் சுவர் இடுக்கிலும் கதவு நிலையின் மேலும் ஏறிப்போய். நம் ஊரில் குளிர்காலம் இல்லாததால் வருடம் முழுவதும் அதற்குப் பருவம்தான்.

இனி கதவு. நாய் தொலைந்துபோனால் வேறு எதைச் சரியாகச் செய்திருந்தும் பயனில்லை. வந்த முதல் மூன்று நாள் நாய்க்கு உங்கள் வீடு வீடல்ல. வழி கிடைத்தால் தன் வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். வாசலுக்கு உள்ளே ஒரு தடுப்புக் கதவு வையுங்கள். அது பூட்டியிருந்தால் மட்டுமே பெரிய கதவைத் திறப்பது என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும், பணிப்பெண்ணுக்கும், பிள்ளைகளுக்கும் சொல்லிப் பழக்குங்கள். பொட்டலம் கொண்டுவரும் ஆளுக்காக அவசரமாகக் கதவைத் திறக்கும்போதுதான் நாய்கள் ஓடுகின்றன. இரும்புக் கிரில் கதவின் கம்பி இடைவெளியில் சிவாவாவும் சின்ன பூடிலும் நுழைந்துவிடும். முழங்காலுக்கு மேல் வரை கம்பி வலை கட்டுங்கள். ஜன்னலோரம் நாற்காலி வேண்டாம்.

வெளியே போகும்போது ஹார்னஸிலும் கழுத்துப்பட்டையிலும் தனித்தனிக் கயிறு. பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் ஹார்னஸ் தலைவழியாகக் கழன்றுவிடும். இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். மின்தூக்கியில் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நாய் முழுசாக உள்ளே வந்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். நாய் வெளியேயும் கயிறு உள்ளேயும் இருக்கும்போது கதவு மூடினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கதவு திறக்கும்போது இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

வழக்கமான நாள் எளிமையானது. காலை 6.45 வாக்கில் நடை, வந்ததும் கால் துடைத்துக் காயவைப்பது, அரை மணி கழித்துச் சாப்பாடு, அதற்குப் பிறகு ஒரு மணி நேரமாவது ஓய்வு. 10 மணியிலிருந்து மாலை வரை வீட்டுக்குள்தான். மாலை 6 மணிக்கு வெயில் இறங்கியதுபோலத் தெரிந்தாலும் சிமெண்டுத் தரை சூட்டை விடாது. புறங்கையைத் தரையில் 7 வினாடி வைத்துப் பாருங்கள், சுட்டால் நாய்க்கும் சுடும். பக், ஃபிரெஞ்சு புல்டாக், ஷி சூ போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மாலையில் 7 மணிக்கு முன் நடை வேண்டாம். நாக்கு அகன்று தொங்கி, எச்சில் பசைபோல் ஒட்டி, ஈறு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. அங்கேயே குழாய்த் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகுதான் வண்டி. மழைக்குப் பிறகு தேங்கிய நீரைக் குடிக்க விடாதீர்கள், எலிச் சிறுநீர் வழியே லெப்டோ வரும். புல்தரையில் தேரையைக் கவ்வி வாயில் நுரை வந்தால், ஈரத்துணியால் நாக்கையும் ஈறையும் திரும்பத் திரும்பத் துடையுங்கள்.

முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். வளர்ந்த, ஆரோக்கியமான நாயாக இருந்தால் 24 மணி நேரம் பொறுக்கலாம். சின்ன இனக் குட்டி, சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் நாய் இரண்டுக்கும் அந்தப் பொறுமை ஆபத்து. உடனே அழைக்க வேண்டும். இரண்டாம் நாள் மலத்தில் ஜெல்லி போன்ற சளி தெரிந்தால் பெரும்பாலும் இடமாற்றப் பதற்றம்தான். உப்பு, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் ஓரிரு வேளை கொடுத்தால் அடங்கும். ரத்தம், தொடர் வாந்தி, சோர்வு இருந்தால் காத்திருக்கக் கூடாது. ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றே மருத்துவமனை. உடல்சூடு 39.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய், ஈறும் வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கிறதே என்று பனடாலோ இபுபுரோஃபெனோ கொடுக்கவே கூடாது.

நம் சமையலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெங்காயம், பூண்டு போடாத குழம்பு நம் வீட்டில் ஏது? அவை நாய்க்கு ஆகாது. ரசம் சோறு ஒரு கவளம்கூட வேண்டாம். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை, கொஞ்சமே ஆனாலும் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மாங்கொட்டை குடலில் சிக்கும். தீபாவளிக்கு வரும் விருந்தினர் பாசத்தில் ஊட்டிவிடுவார்கள். அன்று நாய்களைத் தனி அறையில் வைப்பதுதான் மரியாதை.

இரண்டு நாய்கள் சேர்ந்து தங்கினால், முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். வெளியே, ஆளுக்கொன்றாகப் பிடித்து, சில அடி இடைவெளியில் ஒரே திசையில் 15 நிமிடம் நடந்து, பிறகு சேர்ந்து உள்ளே வாருங்கள். சாப்பாடு தனித்தனி அறையில். 15 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். மெல்லும் எலும்பும் பொம்மையும் கூட்டத்தில் கூடாது. சண்டை மூண்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போகாதீர்கள், கடி உங்கள் கையில் விழும். நடுவே நாற்காலியையோ பலகையையோ செருகுங்கள். இரண்டு பேர் இருந்தால் பின்னங்கால்களைத் தூக்கி ஒரே நேரத்தில் பின்னோக்கி இழுங்கள்.

துப்புரவில் ஒரு விஷயம் முக்கியம். சிறுநீரின் மேல் நேராகப் பிளீச் ஊற்றினால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். முதலில் துடைத்து, சோப்பு நீரால் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 மில்லி பிளீச் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். நாய்கள் அப்போது வேறு அறையில் இருக்கட்டும். அன்றாட வாடைக்கு என்சைம் கலவை போதும்; வாடை மிஞ்சினால் அதே இடத்தில் மறுபடி போகும்.

இடியை மறந்துவிடாதீர்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராக் காற்றோடு வரும் இடிமழை, பயந்த நாயை ஒரு நொடியில் கதவை நோக்கி ஓடவைக்கும். படுக்கும் முன் ஜன்னலையும் தடுப்புக் கதவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சீனப் புத்தாண்டு, ஜூன், டிசம்பர் விடுமுறைகளில் கேட்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். அப்போது ஒரு நாய் கூடுதலாக ஏற்கும் ஆசைதான் இந்தத் தொழிலில் மிகவும் மோசமான ஆசை என்பேன்; இரவில் இரண்டு நாய்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் பார்க்க உங்களுக்கு இரண்டு கைகள்தான்.

திருப்பி அனுப்பும்போது மறுபடி எடை போட்டு, சாப்பிட்டது, மலம், மருந்து கொடுத்த நேரம் எல்லாம் எழுதிய தாளைக் கொடுங்கள். வீடு போன நாய் ஒரு நாள் முழுக்கத் தூங்கலாம், தண்ணீரை வேகவேகமாகக் குடித்து வாந்தியெடுக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக வைக்கச் சொல்லுங்கள். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல இருமி ஓங்கரித்தால் அது கென்னல் காஃபாக இருக்கலாம். தொற்றி 2 வாரம் வரை கழித்தும் தெரியவரும். அப்படி இருமினால் உடனே உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதே நாள்களில் தங்கிய மற்ற நாய்களின் வீட்டாருக்கு நீங்கள் அன்றைக்கே தகவல் கொடுக்க வேண்டும்.