டிலைட்டும் வெரைட்டி ஹாலும்

அன்புள்ள ஐயா,

கோவை டிலைட் தியேட்டரை இடித்துவிட்டார்கள். என் அப்பா வாரம் தவறாமல் அங்கே இரண்டாம் ஆட்டம் பார்த்தவர். தென்னிந்தியாவின் முதல் தியேட்டர் அதுதான் என்பார். உண்மையா? அதைக் கட்டியவர் அச்சகம், அரிசி ஆலையெல்லாம் வைத்திருந்தாராமே, சினிமாக்காரருக்கு அதெல்லாம் எதற்கு?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கும் மனசு ஆறவில்லை.

சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயரின் எலெக்ட்ரிக் தியேட்டர் 1913லேயே வந்துவிட்டது. அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. டிலைட்டின் பழைய பெயர் வெரைட்டி ஹால், 1914ல் கட்டியது. அதனால் 'முதல்' என்பது சரியில்லை. ஆனால் அப்பாவின் பெருமை நியாயமானதுதான். கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் பிறந்தவர், திருச்சியில் ரயில்வே ஊழியர். 1905ல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரர், ஊர் ஊராகப் படம் காட்டி வந்தவர், உடம்புக்கு முடியாமல் திருச்சியில் தங்கிவிட, அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் இவர் வாங்கிக்கொண்டார். அப்புறம் வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். ஊர் ஊராக அலைந்தவர் கடைசியில் சொந்த ஊரில் சுவர் எழுப்பினார். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அரிசி ஆலை விஷயத்துக்கு வருகிறேன். சிறுவயதில் எங்கள் ஊர்த் தியேட்டரின் ஆபரேட்டர் ரூமுக்குள் ஒருமுறை போயிருக்கிறேன். புரொஜெக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் முனையோடு முனை நெருங்கி, கண் கூசும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தன. எரிய எரிய இடைவெளி கூடும். ஆபரேட்டர் கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து, திருகைத் திருகிக் குச்சிகளை நெருக்கிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். தீர்ந்துபோன துண்டுகளைச் செம்புப் பூச்சோடு எங்களுக்குத் தருவார்.

அந்த வெளிச்சத்துக்கு மின்சாரம் வேண்டும். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் 1930களில்தான் வந்தது. அதற்கு முன்னால் தியேட்டர் வைப்பவர் மின்சாரத்தையும் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். படம் ஓடுவதோ சாயங்காலத்துக்கு மேல்தான். பகலெல்லாம் எஞ்சினைச் சும்மா நிறுத்தி வைப்பானேன்? அச்சகமும் அரிசி ஆலையும் அங்கிருந்து வந்தவை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கட்டடம் போனாலும் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான்.

அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: ஆபரேட்டர் ரூமுக்குப் படி எந்தப் பக்கம் இருந்தது, டிக்கெட் கவுன்டர் எப்படி இருந்தது, இடைவேளையில் என்ன விற்றார்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். இங்கே போடுகிறேன்.