அத்தையின் நம்பரை ரேடியோவுக்குக் கொடுத்துவிட்டேன்

கேள்வி: எனக்கு 24 வயது. என் அத்தை ஒத்தக்கடையில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார். எனக்கும் அவருக்கும் எப்போதும் கேலியும் கிண்டலும்தான். ஒரு எஃப்.எம். நிலையத்தின் ப்ராங்க் கால் நிகழ்ச்சிக்கு அவருடைய நம்பரையும் கடை விவரத்தையும் நான்தான் கொடுத்தேன். உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி பேசிய ஆர்.ஜே., "உங்க சாம்பார்ல பல்லி கிடந்திருக்கு, மூணு பேர் பெரியாஸ்பத்திரியில கெடக்காங்க" என்று மிரட்டினார். அத்தை பயந்துபோய், "சாம்பார் நான் வைக்கலய்யா, வேலைக்கு இருக்கிற பொம்பளதான் வச்சா, இன்னைக்கே அவள நிப்பாட்டிடுறேன்" என்று சொல்லிவிட்டார். கடைசியில் உண்மையைச் சொன்னதும் சிரித்தார், நேயர்களுக்கு வணக்கமும் சொன்னார். மறுநாள் ஒலிபரப்பானது. அப்புறம் யூடியூபிலும் போட்டார்கள். பதினோரு வருடமாக வேலை பார்த்த அந்த அக்கா அதைக் கேட்டுவிட்டு வருவதை நிறுத்திவிட்டார். துண்டு கிளிப்பை மட்டும் கேட்டவர்கள் பல்லி விழுந்தது நிஜம் என்று நம்பிவிட்டார்கள். இரண்டு அலுவலகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டன. தெரியாத நம்பர் வந்தால் அத்தை இப்போது போனையே எடுப்பதில்லை. என்னோடும் பேசுவதில்லை. விளையாட்டுக்குத்தானே செய்தேன், இவ்வளவு பெரிய தப்பா? எப்படிச் சரிசெய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: தம்பி, பெரிய தப்புதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி சொல்லப்போவது எதுவும் உங்களுக்கு உதவாது. ஆனால் உங்கள் கடிதத்தில் "நான்தான் கொடுத்தேன்" என்று ஒரு வரி இருக்கிறது. பலர் அந்த இடத்தில் "நண்பர்கள் சொன்னார்கள்", "ரேடியோக்காரர்கள் கேட்டார்கள்" என்று எழுதுவார்கள். நீங்கள் அப்படி எழுதவில்லை. அதனால்தான் நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

கேலிக்கு நம் பக்கம் ஒரு முறை இருக்கிறது. திருவிழா முடிந்து மஞ்சத்தண்ணி ஊற்றும்போது யார் யார்மேல் ஊற்றலாம் என்பது யாரும் சொல்லாமலே ஊருக்குத் தெரியும். முறை இல்லாதவர்மேல் ஒரு சொம்பு விழுந்தால் அது சண்டை. ஊற்றியவர் ஓடினாலும் அதே தெருவுக்குள்தான் ஓடியாக வேண்டும், திரும்ப ஒரு குடம் வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்களும் அத்தையும் கடையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டபோது இதெல்லாம் இருந்தது. அவர் உங்கள் முகத்தைப் பார்த்தார், பதிலுக்கு உங்களை வாரினார், போதும் என்று தோன்றியபோது கரண்டியை ஓங்கினார். ரேடியோவுக்குப் போனபோது இந்த மூன்றும் போய்விட்டது. பேசுபவர் யாரென்று அத்தைக்குத் தெரியாது. திருப்பிக் கேலி செய்ய அவருக்கு வழியில்லை. எங்கே நிறுத்துவது என்பதும் அவர் கையில் இல்லை.

அந்த ஆர்.ஜே.க்கு உங்கள் அத்தையைத் தெரியாது. எதைச் சொன்னால் அவர் நடுங்குவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மெஸ் நடத்துகிறவருக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் போன் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். உரிமம், அபராதம், கடைக்குப் பூட்டு, நாளைக்கு அரைக்க ஊறப்போட்ட அரிசி எல்லாம் ஒரே நொடியில் மனசில் ஓடும். மூணு பேர் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். தன் கையால் ஒரு உயிர் போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கும் ஒருவரைப் பேசவைத்து, அதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடுப்படி சுத்தத்தைப் பற்றிக் கவலையே இல்லாத ஒரு கடைக்காரரிடம் இந்தக் கால் பலித்திருக்காது. "எந்த ஆபீஸ், உங்க பேரு என்ன, நேர்ல வாங்க" என்று கேட்டுப் போனை வைத்திருப்பார். உங்கள் அத்தை எடுத்தவுடன் "அய்யா" என்றார். மரியாதையும் பொறுப்பும் உள்ளவர்களிடம்தான் ப்ராங்க் கால் வேலை செய்கிறது.

2012 டிசம்பரில் நடந்ததைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம், அப்போது நீங்கள் சின்னப் பையன். லண்டனில் கிங் எட்வர்ட் VII மருத்துவமனையில் இளவரசர் வில்லியமின் மனைவி கேட், கர்ப்பகாலக் கடும் வாந்திக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். சிட்னியில் உள்ள ஒரு எஃப்.எம். நிலையத்தின் இரண்டு தொகுப்பாளர்கள் எலிசபெத் அரசியும் இளவரசர் சார்லஸும் பேசுவது போல அங்கே போன் செய்தார்கள். லண்டனில் விடியற்காலை. எடுத்தவர் மங்களூர்ப் பக்கத்திலிருந்து போய் அங்கே வேலை பார்த்த ஒரு செவிலியர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அரசிதான் பேசுகிறார் என்று நம்பி, வார்டில் இருந்த இன்னொரு செவிலியருக்கு இணைப்பைக் கொடுத்தார். அவர் பேசியது சில வார்த்தைகள்தான். நோயாளியின் நிலையைச் சொன்னது அடுத்த செவிலியர். உலகம் முழுக்க அந்தப் பதிவைப் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். மூன்று நாள் கழித்து, டிசம்பர் 7 அன்று, முதலில் போனை எடுத்த அந்தச் செவிலியர் தற்கொலை செய்துகொண்டார். உடுப்பி மாவட்டத்தில் ஷிர்வா என்ற ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஒரு உயிர் போனதற்கு இதுதான் ஒரே காரணம் என்று எதையும் காட்டிவிட முடியாது. அப்படிக் காட்டுவதும் நியாயமில்லை. உங்களைப் பயமுறுத்தவும் இதை எழுதவில்லை. அந்தத் தொகுப்பாளர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். தங்கள் குரலைக் கேட்டதும் யாராவது வெடுக்கென்று போனை வைத்துவிடுவார்கள், அதுதான் நகைச்சுவை என்று எதிர்பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். எதிர்முனையில் இருப்பவர் நம்பிவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் யோசித்திருக்கவில்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பதிவு செய்ததை நிலையத்துக்குள்ளேயே பார்த்துவிட்டு, அந்தச் செவிலியர்களின் ஒப்புதல் இல்லாமலே ஒலிபரப்பினார்கள். 2014 செப்டம்பரில் லண்டனில் நடந்த மரண விசாரணையில் அந்தப் பெண் தொகுப்பாளர் குடும்பத்தினரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்த தனிப்பட்ட பேச்சை ஒலிபரப்பியது குற்றம் என்று அந்த நிலையத்துக்கு எதிராக முடிவு செய்ய ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2015 மார்ச்சில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகளுக்கு அதனால் அம்மா திரும்பி வரவில்லை.

அடுத்து, அத்தை "சிரித்தார், வணக்கமும் சொன்னார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. தம்பி, யாரும் சாகவில்லை, கடைக்குப் பூட்டு வராது என்று தெரிந்ததும் வருகிற சிரிப்பு அது. மூச்சுத் திரும்பி வரும் சத்தம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நிமிஷத்தில் "மெயின் ரோட்டில் வந்து நில்லுங்கள்" என்றாலும் நிற்பார். சம்மதம் கேட்பதென்றால் ஒரு மணி நேரம் கழித்து, பதிவு முழுவதையும் போட்டுக் காட்டி, வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுத்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால், "அந்தப் பொம்பள பேச்சை மட்டுமாவது எடுத்துடுங்கய்யா" என்று அத்தை சொல்லியிருப்பார். அதுவும் போதாது. சாம்பார் வைத்ததாகச் சொல்லப்பட்ட அந்த அக்காவும் இதில் ஒரு ஆள். அவரிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

அமெரிக்காவில் போன் பேச்சை ஒலிபரப்புக்காகப் பதிவு செய்வதென்றால், தொடங்கும் முன்பே எதிர்முனையில் இருப்பவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. பிரிட்டனில் ஒரு வயதான நடிகரின் போனில் கேலியாகச் செய்தி விட்டு அதை ஒலிபரப்பியதற்காக 2009இல் பிபிசிக்கு 1,50,000 பவுண்ட் அபராதம் போட்டார்கள். இங்கே அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட்டில் சொல்லிவிட்டது. அத்தையின் மெஸ் இருக்கிற ஒத்தக்கடைப் பக்கம்தானே உயர் நீதிமன்றக் கிளை? அங்கே 2019 ஏப்ரலில் டிக்டாக் வழக்கில் போட்ட இடைக்கால உத்தரவில், ஒருவரை ப்ராங்க் செய்து கேலிப்பொருளாக்குவது அவருடைய அந்தரங்கத்தை மீறுவதாகும் என்று நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். அரசு அதிகாரியாக நடிப்பது, நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆம் பிரிவில் தனிக் குற்றம். ரேடியோ விளையாட்டுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை அத்தை கையால் சாப்பிடுகிற வக்கீல்களில் ஒருவரிடம் கேளுங்கள்.

அத்தை போனை எடுக்காதது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று சொல்கிறேன். நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு நம்பரைத்தான் பி.பி. நம்பராகக் கொடுத்திருந்தோம். ஒரு ஏப்ரல் முதல் தேதி, அண்ணனுடைய நண்பர் ஒருவர் அங்கே போன் செய்து, அண்ணன் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார். அம்மா செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை ஓடினார். அண்ணன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம், அம்மாவும் சிரித்தார். அதற்குப் பிறகு எதிர்வீட்டு வாசலிலிருந்து "உங்களுக்குப் போன்" என்று குரல் வந்தால் அம்மா முதலில் சுவரைப் பிடித்துக்கொள்வார். என் கல்யாணம் முடிந்த பிறகும் அப்படித்தான். அந்த நண்பருக்கு இது கடைசிவரை தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலில் அத்தையிடம் போகாதீர்கள், அந்த அக்காவின் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போங்கள். "அத்தை பயத்தில் உளறியது அக்கா, பயமுறுத்த ஆள் விட்டது நான்தான்" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையை அத்தையின் குணம் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார், பதினோரு வருடம் கூட இருந்தவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! பயத்தில் வருகிற முதல் வார்த்தை யாருடைய மனசும் இல்லை. ஆனால் அதை அத்தையே போய்ச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். நீங்கள் சொன்னால்தான் எடுபடும். வேலைக்கு வராத நாட்களின் கூலியை உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள், அத்தையின் கல்லாவிலிருந்து வேண்டாம். திரும்ப வாருங்கள் என்று அன்றைக்கே கேட்காதீர்கள்.

அப்புறம் அத்தை. கடையில் ஆள் இருக்கும் நேரத்தில் போங்கள், ஏனென்றால் அவமானம் ஊரறிய நடந்தது. "விளையாட்டுக்கு" என்ற சொல்லை மட்டும் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் திட்டினால் நின்று கேளுங்கள். திட்டாமல் இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் நீங்களும் ஒரு துணியை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை நிறுத்திய இரண்டு அலுவலகங்களுக்கும் நீங்களே நேரில் போய், பல்லி என்பது ரேடியோக்காரர்கள் கட்டிய கதை, அதற்கு ஏற்பாடு செய்தது நான் என்று சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், போங்கள்.

கிளிப்பை எடுக்கவைக்க வேண்டும். நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள்: ஒலிபரப்பான தேதி, நேரம், யூடியூப் இணைப்பு, ஒலிபரப்பும் முன் இருவரிடமும் ஒப்புதல் வாங்கவில்லை என்ற விவரம். கையெழுத்து அத்தையுடையதாக இருக்கட்டும், இணைப்பாக நீங்கள் நம்பரைக் கொடுத்ததை ஒத்துக்கொள்ளும் உங்கள் கடிதம். ஒரு நகலை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்புங்கள். தனியார் எஃப்.எம். நிலையங்கள் அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி நெறிகளைப் பின்பற்றுவதாக ஒப்புக்கொண்டுதான் அனுமதி வாங்குகின்றன. யூடியூபில் அந்தரங்க மீறல் என்று தனியாகப் புகார் செய்ய இடமுண்டு, பாதிக்கப்பட்டவரின் பெயரிலேயே செய்ய வேண்டும். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புகளில் நீங்களும் அதைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றிலும் போய் அழிக்கச் சொல்லுங்கள்.

போன் பயம் உடனே போகாது. தினமும் ஒரே நேரத்தில் உங்கள் நம்பரிலிருந்து கூப்பிடுங்கள், எடுக்காவிட்டாலும் மறுநாள் கூப்பிடுங்கள். ஆர்டர் போன்களைக் கொஞ்ச நாள் நீங்கள் எடுத்து எழுதிக் கொடுக்கலாம். போலி அதிகாரிகள் போனில் மிரட்டிப் பணம் பறிக்கிற காலம் இது, தெரியாத நம்பரை அவர் சந்தேகப்படுவதில் தப்பில்லை என்றும் சொல்லுங்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்து ஒடுங்கிப்போனால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதலில் நீங்கள் பேசிக் காட்டுங்கள்.

புகார் போனதும் நிலையத்திலிருந்து உங்களைக் கூப்பிட்டு, அத்தையையும் அந்த அக்காவையும் ஒரே லைனில் சேர்த்து வைத்து ஒரு சமாதான நிகழ்ச்சி செய்யலாமா என்று கேட்கக்கூடும். பரிசுக் கூப்பனும் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அத்தையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றுகூட இழுக்காதீர்கள்.