அலுவலகக் கணினியை அணைத்த பிறகும் மெயில்கள் தானாகப் பிரிந்து விழ, வெப்மெயிலில் ஃபில்டர் போடுவது எப்படி?

கேள்வி: சேலம் ஐந்து ரோட்டில் அலுவலகம், ஏற்காட்டில் தங்கும் விடுதி. சொந்த டொமைனில் ஒரே மெயில் முகவரி. அறை முன்பதிவு, ஜிஎஸ்டி, வங்கி, விளம்பரம் எல்லாம் அதில்தான் வருகின்றன. அலுவலகக் கணினியில் அவுட்லுக்கில் ரூல்ஸ் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறோம். சாயங்காலம் கணினியை அணைத்துவிட்டால், மலையில் இருக்கும் மேலாளரின் போனில் எல்லாம் கலந்துகட்டி வந்து விழுகிறது. வெப்மெயிலிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்:

முடியும். உங்களைப் போல இரண்டு இடத்தில் ஒரே பெட்டியைப் பார்ப்பவர்களுக்கு அதுதான் சரியான வழியும்கூட. அவுட்லுக்கில் நீங்கள் போட்ட விதிகள் அந்தக் கணினி செய்கிற வேலை. கணினி அணைந்தால் வேலையும் நின்றது. வெப்மெயிலில் போடும் ஃபில்டர் வேறு; அது உங்கள் பெட்டியை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணினியில், அதாவது சர்வரில், ஓடும். மெயில் உங்கள் பெட்டிக்கு வந்து சேரும்போதே எந்த ஃபோல்டரில் போடுவது என்று சர்வர் முடிவு செய்துவிடும். பிறகு போனில் திறந்தாலும் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி பிரிந்திருக்கும். மலையில் சிக்னல் குறைவாக இருக்கும் நேரத்தில் விளம்பர மெயில்களை எல்லாம் போன் இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை.

ஃபில்டர் பக்கத்துக்குப் போகும் முன் ஒன்றைப் பாருங்கள். அலுவலக அவுட்லுக் பாப்3 (மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) கணக்காக இருக்கிறதா, ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) கணக்காக இருக்கிறதா? அக்கவுண்ட் செட்டிங்ஸில் கணக்கின் பெயருக்கு எதிரிலேயே எழுதியிருக்கும். உள்வரும் போர்ட் 995 என்றால் பாப்3, 993 என்றால் ஐமேப். இது ஏன் முக்கியம் என்றால், பாப்3-க்கு இன்பாக்ஸ் ஒன்றுதான் தெரியும். சர்வரில் நீங்கள் உருவாக்கும் மற்ற ஃபோல்டர்கள் அதன் கண்ணிலேயே படாது. பாப்3-ஐ வைத்துக்கொண்டு ஜிஎஸ்டி மெயிலை வேறு ஃபோல்டருக்குத் தள்ளினால், அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்த மெயில் வரவே வராது. ஃபில்டர் மெயிலைத் தின்றுவிட்டது என்று வருகிற புகார்களில் பெரும்பகுதி இதுதான். மெயில் பத்திரமாக சர்வரில் இருக்கும், பார்க்க வேண்டியவருக்குத்தான் தெரியாது.

எனவே முதல் வேலை, எல்லாக் கருவிகளையும் ஐமேப்புக்கு மாற்றுவது. அவுட்லுக்கில் பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற முடியாது; புதிதாக ஐமேப் கணக்கைச் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பழையதை எடுக்க வேண்டும். எடுக்கும் முன், அவுட்லுக் மெயில்களைச் சேமித்து வைக்கும் பழைய பிஎஸ்டி கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். இத்தனை நாள் இறக்கிய மெயில்கள் அதில் மட்டும்தான் இருக்கக்கூடும். ஐமேப்பில் எல்லாம் சர்வரிலேயே தங்கும் என்பதால், பெட்டிக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி நிறைந்தால் புது முன்பதிவே திரும்பிப் போய்விடும்.

அடுத்து, எதைப் பிரிப்பது? முன்பதிவுதான் முக்கியம், அதைத் தனி ஃபோல்டரில் போடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். பெரும்பாலான போன் ஆப்கள் இன்பாக்ஸுக்கு வரும் மெயிலுக்கு மட்டுமே உடனே மணியடிக்கும். தனி ஃபோல்டரில் போய் விழுந்த மெயிலை யாராவது போய்த் திறந்து பார்த்தால்தான் உண்டு. மே மாதக் கோடை விழா நேரத்தில் ஒரு முன்பதிவு இரண்டு மணி நேரம் அப்படிக் கிடந்தால், கேட்டவர் வேறு விடுதிக்குப் போய்விடுவார். எனவே உடனே பார்க்க வேண்டியது இன்பாக்ஸிலேயே இருக்கட்டும். காத்திருக்கக் கூடியதை மட்டும் வெளியே தள்ளுங்கள். விளம்பரம், வங்கி அறிக்கை, ஜிஎஸ்டி அறிவிப்பு, கூரியர் தகவல் இவற்றை ஒதுக்கினாலே இன்பாக்ஸில் முன்பதிவு தானாகத் தனித்து நிற்கும். முன்பதிவு மெயிலுக்கு ஒரு கொடி மட்டும் வைக்க வேண்டுமானால், ஃபோல்டர் மாற்றாமல் ‘ஆட் ஃபிளாக்ஸ்’ போதும்.

இனி செய்முறை. உங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் தரும் வெப்மெயில் மென்பொருள் ரவுண்ட்க்யூப் என்று வைத்துக்கொள்கிறேன். செட்டிங்ஸில் ‘ஃபோல்டர்ஸ்’ போய்த் தேவையான ஃபோல்டர்களை முதலில் உருவாக்குங்கள். தமிழ்ப் பெயர் வைக்கலாம். ஆனால் பழைய மெயில் ஆப்களில் அது குழம்பிய எழுத்தாகத் தெரிய வாய்ப்புண்டு என்பதால் ஆங்கில எழுத்தில் சிறிய பெயராக வைப்பது நல்லது. பிறகு செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ்’, அதில் ‘கிரியேட்’. பெயர் கொடுங்கள். எந்த மெயிலுக்கு என்ற இடத்தில் எல்லா நிபந்தனையும் பொருந்தினாலா, ஏதாவது ஒன்று பொருந்தினாலா என்று கேட்கும். கீழே நிபந்தனை, அதற்கும் கீழே செயல்: ‘மூவ் மெசேஜ் டு’ என்று ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலிருக்கும் கூட்டல் குறியை அழுத்தி இரண்டாவது செயலாக ‘ஸ்டாப் எவால்யுவேட்டிங் ரூல்ஸ்’ சேர்த்துச் சேமியுங்கள்.

அந்த இரண்டாவது செயலை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சர்வர் பட்டியலை மேலிருந்து கீழாக வாசிக்கும். ஒன்று பொருந்தியதால் தானாக நிற்காது. நிறுத்தச் சொல்லாவிட்டால், வங்கி விதிக்கும் விளம்பர விதிக்கும் பொருந்துகிற மெயில் இரண்டு ஃபோல்டரிலும் ஆளுக்கொரு நகலாக விழும். வரிசையை மாற்ற, பட்டியலில் பெயரைப் பிடித்து இழுத்தால் போதும்.

நிபந்தனை எழுதுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. மூன்று வங்கிகளின் முகவரிகளை ஒரே ஃபில்டரில் போட்டுவிட்டு ‘எல்லாம் பொருந்தினால்’ என்று விட்டால் அந்த ஃபில்டர் ஒருநாளும் வேலை செய்யாது. ஒரு மெயில் மூன்று இடத்திலிருந்தும் வர முடியாதல்லவா? அங்கே ‘ஏதாவது ஒன்று’ வேண்டும். இதற்கு நேர் எதிரானது ‘நாட் கன்டெய்ன்ஸ்’. ‘இதிலிருந்து வரவில்லை’, ‘அதிலிருந்தும் வரவில்லை’ என்று இரண்டு எழுதி ‘ஏதாவது ஒன்று’ வைத்தால், உலகத்திலுள்ள எல்லா மெயிலும் பொருந்தி ஒரே ஃபோல்டருக்குள் போய்விடும். எதிர்மறை நிபந்தனைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் ‘எல்லாம்’ என்பதுதான் சரி.

தலைப்பில் இருக்கும் வார்த்தையைவிட அனுப்புநரின் டொமைனை நம்புங்கள். ‘பேங்க்’ என்ற சொல் தலைப்பில் இருந்தால் என்று எழுதினால், கடன் தருகிறேன் என்று வரும் குப்பையும் வங்கி ஃபோல்டருக்குள் போய் மரியாதையாக உட்கார்ந்துவிடும். ‘ஃப்ரம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அட்வான்ஸ்டு ஆப்ஷனில் முகவரியின் ‘டொமைன்’ பகுதி என்று மாற்றி, ஜிஎஸ்டி.கவ்.இன் என்ற டொமைனை ஆங்கில எழுத்தில் முழுதாகக் கொடுத்து, ‘ஈக்வல் டு’ வையுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: ஃப்ரம் வரியில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதலாம். வங்கி ஃபோல்டரில் விழுந்தது என்பதாலேயே அது வங்கியிடமிருந்து வந்ததாகிவிடாது. ஆகவே ஸ்பேம் விதி எல்லாவற்றுக்கும் மேலே, முதல் இடத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஸ்பேம் விதிக்கு ஒரு குப்பை மெயிலைத் திறந்து ‘ஷோ சோர்ஸ்’ பாருங்கள்; மெயிலில் மறைந்திருக்கும் ஹெடர் வரிகள் தெரியும். ஸ்பேம்அசாசின் என்ற குப்பை வடிகட்டி ஓடும் சர்வர் ‘எக்ஸ்-ஸ்பேம்-ஃபிளாக்’ என்ற வரியில் ‘யெஸ்’ என்று எழுதியிருக்கும். ஆர்ஸ்பேம்டி என்ற வடிகட்டி என்றால் வெறும் ‘எக்ஸ்-ஸ்பேம்’ என்றிருக்கும். அந்த வரியின் பெயரை ஃபில்டரில் தனி ஹெடராகக் கொடுத்து, மதிப்பு ‘யெஸ்’ என்றால் ஜங்க் ஃபோல்டருக்கு, பிறகு ஸ்டாப். ‘டெலீட் மெசேஜ்’ வேண்டாம். அது குப்பைத் தொட்டிக்குக்கூட அனுப்பாமல் சத்தமில்லாமல் அழித்துவிடும், அனுப்பியவருக்கும் தகவல் போகாது. குடும்பத்தோடு வர நாள் கேட்டவரின் மெயில் அப்படிப் போனால் இரு தரப்புக்கும் தெரியாது. ஜங்க் ஃபோல்டரை வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் பார்க்கட்டும்.

தமிழில் வரும் மெயிலுக்கும் ஃபில்டர் வேலை செய்யும். தலைப்பு உள்ளுக்குள் வேறு குறியீட்டில் பயணித்தாலும், ஒப்பிடும் முன் சர்வர் அதை யூனிகோடாக மாற்றிக்கொள்ளும். சிக்கல் நம் மொழியின் விகுதிகளில் வருகிறது. ‘ஏற்காடு’ என்று தேடினால் ‘ஏற்காட்டில் அறை கிடைக்குமா’ என்ற தலைப்பு அகப்படாது, ஏனெனில் ‘டு’ அங்கே ‘ட்டில்’ ஆகிவிட்டது. ‘ஏற்கா’ என்று மாறாத பகுதியை மட்டும் கொடுங்கள். இன்னொன்று, ஓகார எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சர்வருக்கு வேறு வேறு. அதனால் கோ, போ போன்ற எழுத்துகள் இல்லாத சொல்லைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

முதலாளியின் ஜிமெயிலுக்கும் ஒரு நகல் போக வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள். ‘ரீடைரக்ட்’ என்றால் இங்கே நகல் இருக்காது, ‘சென்ட் மெசேஜ் காப்பி’ என்றால் இருக்கும். ஆனால் இரண்டையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன். மெயில் உங்கள் சர்வர் வழியாக ஜிமெயிலுக்குப் போகும்போது, முதலில் அனுப்பியவரின் டொமைன் உங்கள் சர்வருக்கு அனுமதி தந்ததில்லை என்பதால் எஸ்பிஎஃப் (அனுப்பும் சர்வருக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்று பார்க்கும்) சோதனையில் தோற்கும். டிகேஐஎம் கையெழுத்து (அனுப்பியவரின் டொமைன் மெயிலில் இடும் மின் முத்திரை) இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் ஸ்பேமுக்குப் போகும் அல்லது திரும்பி வரும். வந்த குப்பையையும் சேர்த்து அனுப்பினால் உங்கள் டொமைனின் பெயர் கெடும், பிறகு நீங்கள் அனுப்பும் உண்மையான பதில்களும் விருந்தினரின் ஸ்பேமில் விழும். முதலாளியின் போனில் இதே கணக்கை ஐமேப்பில் சேர்த்துக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்று தானாகப் பதில் அனுப்ப ‘ரிப்ளை வித் மெசேஜ்’ இருக்கிறது. ஒரே நபருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்புவது என்பதை நீங்கள் எழுதாவிட்டால் பல சர்வர்களில் 7 நாள். விடுதிக்கு 1 நாள் பொருத்தம். புக்கிங், ரிசர்வேஷன் என்று துணை முகவரிகள் வைத்திருந்தால் அவற்றையும் ‘மை ஈமெயில் அட்ரஸஸ்’ இடத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அவற்றுக்கு வந்த மெயிலுக்குப் பதில் போகாது. முன்பதிவுத் தளங்களின் தானியங்கி முகவரிகளை நிபந்தனையில் விலக்கிவிடுங்கள். அந்தப் பதிலில் ‘அறை உறுதி’ என்பது போன்ற சொல் எதுவும் வரக் கூடாது.

எழுதி முடித்ததும் வேறொரு முகவரியிலிருந்து மெயில் அனுப்பிச் சோதியுங்கள். ஏற்கனவே இன்பாக்ஸில் இருப்பவை நகராது. ஃபில்டர் புதிதாக வருவதற்கு மட்டும்தான். பழையவற்றைத் தேடிக் கையால் நகர்த்த வேண்டும். எல்லா ஃபில்டரும் ஒரே நாளில் நின்றுவிட்டால் ‘ஃபில்டர் செட்ஸ்’ பாருங்கள். பின்னால் ஓடுவது சிவ் என்ற விதிமொழி (அதன் தரநிலை ஆவணம் ஆர்எஃப்சி 5228, 2008), அதில் ஒரு நேரத்தில் ஒரு செட் மட்டுமே செயலில் இருக்க முடியும். வேறொரு ஆப் தன் செட்டைச் செயல்படுத்தியிருந்தால் உங்களுடையது உறங்கிவிடும். ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். குறித்த ஃபோல்டர் இல்லாவிட்டால் மெயில் தொலையாது, பெரும்பாலும் இன்பாக்ஸுக்கே வரும்.

ரவுண்ட்க்யூபில் ‘ஃபில்டர்ஸ்’ என்பதே இல்லையா? அந்த வசதிக்கு மேனேஜ்சிவ் என்ற இணைப்பும் சர்வரில் 4190 போர்ட்டும் வேண்டும், ஹோஸ்டிங் நிறுவனம்தான் திறந்து தர முடியும். சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங் என்றால் வெப்மெயிலின் முகப்பிலேயே ‘ஈமெயில் ஃபில்டர்ஸ்’ தனியாக இருக்கும். அது சிவ் இல்லை, எக்சிம் என்ற மெயில் சர்வர் மென்பொருளின் ஃபில்டர். பெயர்கள் ‘டெலிவர் டு ஃபோல்டர்’, ‘டிஸ்கார்ட் மெசேஜ்’ என்று மாறும், மேலே சொன்ன எச்சரிக்கைகள் மாறாது. அங்கே ‘ஃபில்டர் டெஸ்ட்’ பெட்டியில் ஒரு மாதிரி மெயிலை ஒட்டி முன்னதாகவே சோதிக்கலாம் என்பது நல்ல வசதி.

சர்வரில் எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகு, அவுட்லுக்கில் இருக்கும் பழைய ரூல்ஸை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். விட்டுவைத்தால் காலையில் கணினியைத் திறந்ததும் அவை இன்பாக்ஸில் இருக்கும் முன்பதிவுகளை மறுபடி இடம் மாற்றும், ஐமேப் என்பதால் அந்த மாற்றம் மேலாளரின் போனிலும் தெரியும்.